பெரும் இசைக்குழுவில் ஒரு பெண்குரல்: அனிட்டா ஓ'டேயின் இசைவாழ்வும் லயப் பாங்கும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஜாஸ் வரலாற்றில் 1935 முதல் 1946 வரையிலான காலம் 'ஸ்விங் காலம்' என வழங்கப்பெறுகிறது. அக்காலத்துப் பெரும் இசைக்குழுக்களில் பாடகியர் பெற்ற இடம் சிறியது. பெற்ற புகழோ பெரிது. அவ்வரிசையில் ஜீன் க்ரூபா, ஸ்டான் கென்டன் ஆகியோரின் குழுக்களில் பாடிப் பின்னர்த் தனிப் பாடகியாக நிலைபெற்றவர் அனிட்டா ஓ'டே (1919-2006). இவரது பாடும் முறை இளமையில் நேர்ந்த ஓர் அறுவை மருத்துவப் பிழையின் விளைவே என்னும் கருத்து இவரைப் பற்றி எழுதப்பெற்றவற்றுள் பலகாலும் வழங்கிவருகிறது. அக்கருத்து எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது என்பதை அவரது வாழ்க்கை, பணிச்சூழல், பதிவுகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜாஸ், பெரும் இசைக்குழு, ஸ்விங், அனிட்டா ஓ'டே, ஜீன் க்ரூபா, குரலதிர்வு, லயம்

முன்னுரை

ஒரு கலைஞரின் தனித்தன்மைக்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் செல்வர். ஒன்று, அவர் பெற்ற பயிற்சியையும் பழகிய சூழலையும் ஆராய்வது. மற்றொன்று, அவரது உடலிலோ வாழ்விலோ நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சுட்டி, 'இதனால்தான் இப்படிப் பாடினார்' என முடிப்பது. இரண்டாவது வழி எளிது. கேட்போர் மனத்திலும் எளிதில் பதிவது. அனிட்டா ஓ'டேயைப் பொறுத்தவரை அந்த எளிய விடையை முதலில் தந்தவரும் அவரே. எனவே அதனைப் புறக்கணித்தலும் இயலாது. அப்படியே ஏற்றலும் முறையாகாது.

இசைக்குழுவும் பாடகியும்

பெரும் இசைக்குழு என்பது ட்ரம்பெட், ட்ரோம்போன், சாக்ஸஃபோன் ஆகிய காற்றுக்கருவிப் பிரிவுகளும், பியானோ, கிட்டார், பாஸ், டிரம் ஆகியன அடங்கிய தாளப்பிரிவும் கொண்ட, ஏறத்தாழப் பதினைந்து பேர் வாசிக்கும் குழுவாகும். இது முதன்மையாக நடன அரங்குகளுக்கு வாசித்தது. மக்கள் ஆடுவதற்காக வந்தனர். கேட்பது அடுத்த நிலையில் இருந்தது. வேகமும் தாளமும் ஆட்டத்திற்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும் என்பதே குழுத்தலைவர்களின் முதற்கவலை.

இவ்வமைப்பில் பாடகி மேடையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாடலின் முதற்சுற்றைக் குழு வாசித்து முடித்தபின் எழுந்துவந்து ஒலிவாங்கியின் முன் ஒரு சுற்றுப் பாடிவிட்டு மீண்டும் அமர்வார். ஒரு சுற்று என்பது பெரும்பாலும் முப்பத்திரண்டு 'பார்' அளவினது. நிமிடத்திற்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழன்ற அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். அதிலும் பாடகிக்குக் கிடைத்தது ஒரு பகுதிதான். தட்டின் மேலொட்டில் குழுத்தலைவர் பெயர் பெரிய எழுத்திலும், பாடியவர் பெயர் அதன் கீழ்ச் சிறிய எழுத்திலும் அச்சிடப்பெற்றன. அன்றைய இசை இதழ்கள் பாடகியரை 'கேனரி', அதாவது கூண்டுப்பறவை என்னும் செல்லப்பெயரால் குறித்தன. அச்சொல்லில் பாராட்டைவிட ஏளனமே மிகுதி எனலாம்.

உடையும் இந்நிலையையே காட்டிற்று. வாசிப்போர் அனைவரும் ஒரே சீருடை அணிந்தனர். பாடகி மட்டும் மினுங்கும் நீள அங்கி அணிந்தார். அதனைப் பேருந்துப் பயணங்களுக்கிடையே தேய்த்து மடித்துக் காப்பதும் அவர் பொறுப்பே.

நடைப்போட்டியிலிருந்து மேடைக்கு

1919 அக்டோபர் 18 அன்று பிறந்த அனிட்டா பெல் கோல்டன் சிக்காகோ நகரில் வளர்ந்தவர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்க நகரங்களில் 'வாக்கத்தான்' எனப்பெற்ற நடைப்போட்டிகள் பெருகின. இணை இணையாக நிற்கும் போட்டியாளர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஓயாது நடக்கவும் ஆடவும் வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடங்களே ஓய்வு. பரிசுத்தொகை ஒருவருக்குத்தான்; ஆயினும் களத்தில் நிற்கும்வரை அனைவருக்கும் உணவு உண்டு. வேலையற்ற காலத்தில் பலரை அங்கு ஈர்த்தது அந்த உணவே. பதினான்கு வயதில் வீட்டை நீங்கி இப்போட்டிகளில் சேர்ந்த அனிட்டா, இடையிடையே பார்வையாளர் முன் பாடவும் செய்தார். பாடினால் பார்வையாளர் காசு வீசுவர்.

தம் குடும்பப் பெயரை அவர் மாற்றிக்கொண்டதும் இக்காலத்தில்தான். எழுத்துகளை இடம் மாற்றிப் பேசும் ஆங்கிலச் சிறுவர் விளையாட்டுமொழி ஒன்று உண்டு. அதில் 'ஓ'டே' என்பது, கொச்சை வழக்கில் பணத்தைக் குறிக்கும் சொல்லின் உருமாற்றம். பணம் வேண்டும் என்பதால் பணத்தையே பெயராக்கிக்கொண்டதாக அவர் கூறியுள்ளார். ஐரிய இனப் பெயர்போல் ஒலிக்கும் அதன் பின்னே வறுமையும் நகைப்பும் கலந்திருப்பது நோக்கத்தக்கது.

1930களின் பிற்பகுதியில் சிக்காகோ இரவு விடுதிகளில் பாடத் தொடங்கினார். அவருடைய முதற்கணவர் டான் கார்ட்டர் ஒரு டிரம் கலைஞர். இசையின் அடிப்படைகள் சிலவற்றை அவரிடமே அனிட்டா கற்றார். முன்னோடிப் பாடகியருள் பில்லி ஹாலிடே, மார்த்தா ரே ஆகியோரை அவர் கூர்ந்து கேட்டவர். முறையான குரற்பயிற்சி என ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. தாளக்கருவியின் அருகாமை வாய்த்தது. இவ்விரண்டும் பின்னர் எழும் வினாவுக்கு இன்றியமையாதவை.

க்ரூபா குழு: 1941-1943

ஜீன் க்ரூபா, பென்னி குட்மன் குழுவில் டிரம் வாசித்துப் பெரும்புகழ் பெற்று, 1938இல் தனிக்குழு கண்டவர். 1941இன் தொடக்கத்தில் அக்குழுவின் பாடகி ஐரீன் டே விலகவே, அவ்விடத்திற்கு அனிட்டா வந்தார். குழுத்தலைவரே தாளக்கலைஞராக இருந்தது அவருக்கு வாய்த்த நற்பேறு. மெட்டை மையமாகக் கொண்டு நடந்த குழுக்களில் பாடகியிடம் எதிர்பார்க்கப்பெற்றது இனிய, நீண்ட, அசையாத குரல். க்ரூபா குழுவில் தாளத்தோடு மோதத் தெரிந்த குரலுக்கும் இடம் இருந்தது.

சில வாரங்களிலேயே ட்ரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜும் சேர்ந்தார். வெள்ளையர் குழு ஒன்றின் வாசிப்புப் பிரிவில் கறுப்பினக் கலைஞர் ஒருவர் நிலையாக அமர்வது அந்நாளில் மிக அரிது. 1941 மே மாதம் பதிவான 'லெட் மீ ஆஃப் அப்டவுன்' என்னும் பாடலில் இவ்விருவரும் இணைந்தனர். நியூயார்க்கின் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம் பகுதியின் களிப்பை விரித்துரைப்பது அப்பாடல். அதன் நடுவே இருவரும் உரையாடுகின்றனர். அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்து வினவுகிறாள், அவன் விடையிறுக்கிறான், இறுதியில் அவள் கேட்டுக்கொள்ள, அவன் ட்ரம்பெட்டை எடுத்து உச்சத்தில் வாசிக்கிறான்.

இன்றைய செவிக்கு இது வெறும் விளையாட்டுப் பேச்சு. அன்றைய அமெரிக்காவிலோ தென்மாநிலங்களில் இனப்பிரிவினைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வடக்கிலும் உணவகங்களும் விடுதிகளும் எல்ட்ரிட்ஜுக்குக் கதவடைத்தன. அவரோடு ஒரு மேசையில் உண்ண இயலாத நிலையில் குழுவினர் பயணம் செய்தனர். அச்சூழலில் ஒரு வெள்ளைப் பெண்ணும் ஒரு கறுப்பின ஆணும் சமநிலையில், உரிமையோடு கேலி பேசிக்கொள்வது இசைத்தட்டின் வழி வீடுதோறும் ஒலித்தது. பாடல் பெருவெற்றி பெற்றது. 1942இல் இதே பாடல், காசு இட்டுப் பார்க்கும் பெட்டிகளுக்கான குறும்படமாகவும் எடுக்கப்பெற்று, செவிக்கு மட்டும் எட்டியதைக் கண்ணுக்கும் காட்டிற்று. எனினும் இதனைத் திட்டமிட்ட சமூகப் புரட்சி எனக் கொள்வது மிகை. பாடல் விற்க வேண்டும் என்பதே பதிவு நிறுவனத்தின் நோக்கம். நோக்கம் வணிகமாயினும் விளைவு அதனைக் கடந்து சென்றது என்பதே பொருந்தும்.

உடையைப் பற்றிய அவருடைய முடிவும் இக்காலத்தது. நீள அங்கியை விடுத்து, ஆண் கலைஞர்கள் அணிந்த குழுச்சீருடை மேற்சட்டையையே பாவாடையோடு அணிந்து மேடையேறினார். தாமும் இசைக்கலைஞருள் ஒருவரே, அழகுக்கு வைத்த பொருள் அல்லர் என்பதே அவர் கருத்து. இதனால் அவரது பாலியல் நாட்டம் குறித்து வதந்திகள் எழுந்தன. ஒரு மேற்சட்டை அத்தனை பேச்சுக்கு இடமளித்தது என்றால், மினுங்கும் அங்கி எதனை மறைத்துவந்தது என்பது விளங்கும்.

1943இல் போதைப்பொருள் வழக்கொன்றில் க்ரூபா கைதானார். குழு கலைந்தது.

பதிவுத்தடையும் கென்டன் குழுவும்

அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைத்தட்டுப் பதிவுக்குத் தன் உறுப்பினர்கள் வாசிப்பதைத் தடைசெய்தது. வானொலியும் இசைத்தட்டுப் பெட்டிகளும் நேரடிக் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுத்தன. அதற்கு ஈடாகப் பதிவு நிறுவனங்கள் தொகை வழங்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. கேபிடல் நிறுவனம் 1943 அக்டோபரில் இணங்கிற்று. கொலம்பியா, விக்டர் ஆகிய பெருநிறுவனங்கள் 1944 நவம்பர் வரை இணங்கவில்லை. கொலம்பியாவைச் சார்ந்த க்ரூபாவை விட்டுக் கேபிடலைச் சார்ந்த ஸ்டான் கென்டனின் குழுவில் 1944இல் அனிட்டா சேர்ந்தமை, எனவே, அவர் குரல் தொடர்ந்து பதிவாக வழி செய்தது. அவ்வாண்டு வெளிவந்த 'அண்ட் ஹெர் டியர்ஸ் ஃப்ளோட் லைக் வைன்' கென்டன் குழுவுக்கே முதற்பெரும் வெற்றிகளுள் ஒன்றாயிற்று.

கென்டன் குழுவின் இசை கனத்தது. உலோகக் கருவிகளின் முழக்கம் மிக்கது. அனிட்டாவின் இயல்பு அதற்கு நேர்மாறு. ஓராண்டுக்குள் விலகினார். அவ்விடத்திற்கு ஜூன் கிறிஸ்டி வந்தார். 1950களில் கிறிஸ் கானர் வந்தார். இவ்விருவரின் பாடும் முறையும் அனிட்டாவின் முறையை அடியொற்றியது என்பது இசை விமர்சகர் பலரும் ஒப்பும் செய்தி. இச்செய்தி அடுத்து வரும் பகுதியில் சான்றாகும்.

க்ரூபா மீண்டும் அமைத்திருந்த குழுவுக்கு 1945இல் அனிட்டா திரும்பிச்சென்று 'ஓபஸ் நம்பர் ஒன்', 'பூகி ப்ளூஸ்' முதலியவற்றைப் பாடினார். 1946இல் தனிவழி சென்றார். பெரும் இசைக்குழுக்களின் காலமும் ஏறத்தாழ அவ்வாண்டோடு முடிந்தது.

உள்நாக்கும் லயமும்

சிறுவயதில் டான்சில் அறுவை மருத்துவத்தின்போது மருத்துவர் தவறுதலாக உள்நாக்கையும் அறுத்துவிட்டதாகவும், அதனால் நீண்ட ஒலியை நிறுத்திப் பாடவோ, அதில் குரலதிர்வு தரவோ தம்மால் இயலாமற் போனதாகவும், ஆகவே ஒலிகளைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் பாடும் முறையைக் கைக்கொண்டதாகவும் அனிட்டா கூறினார். குரலதிர்வு என இங்குக் குறிக்கப்பெறுவது 'வைப்ரேட்டோ'. நீட்டிப் பாடும் ஒலியின் சுருதி நொடிக்கு ஐந்தாறு முறை சிறிதளவு ஏறி இறங்குவது அது. கமகத்தோடு இதனை ஒன்றாக எண்ணலாகாது. கமகம் பாடகர் கருதி அமைப்பது. வைப்ரேட்டோ பெரும்பாலும் பயின்ற குரலில் தானே எழுவது.

இக்கூற்றில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது உடலியல் சார்ந்தது. குரலதிர்வு குரல்வளைத் தசைகளின் இயக்கத்தால் தோன்றுவது. உள்நாக்கோ மேலண்ணத்தின் பின்முனையில் தொங்குவது. ஒலி மூக்கறைக்குள் செல்வதைக் கட்டுப்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. அதன் இழப்பு குரலின் நிறத்தை மாற்றியிருக்கக்கூடும். அதிர்வே எழாமற் செய்யும் என்பதற்கு நேர்க்காரணம் புலப்படவில்லை.

இரண்டாவது, மேலே கூறிய ஜூன் கிறிஸ்டியும் கிறிஸ் கானரும் எவ்வித அறுவைப் பிழைக்கும் ஆளாகாமலே அதிர்வு குறைந்த, உலர்ந்த குரற்பாங்கைப் பின்பற்றினர். ஒருவருக்கு உடற்குறை, மற்றவர்க்குத் தெரிவு என்றால், தெரிவு முதலாமவர்க்கும் இருந்திருத்தல் கூடும் அல்லவா?

மூன்றாவதே முதன்மையானது. நீண்ட ஒலியைத் தவிர்த்தல் என்பது ஒரு விலக்கு. விலக்கு எதனைப் பாடக்கூடாது என்று சொல்லும். எதனைப் பாட வேண்டும் என்று சொல்லாது. குறுகிய ஒலிகளைத் தாளத்தின்மீது நேராக அடுக்கியும் பாடலாம். அவ்வாறு பாடினால் அது எந்திரம்போல் ஒலிக்கும். அனிட்டா பாடியது அவ்வாறன்று. தட்டுக்குச் சற்று முன்னரோ பின்னரோ சொல்லை வைத்து, தொடரின் முடிவில் மட்டும் குழுவோடு ஒன்றினார். தமிழிசை மரபில் தாளத்திற்கு முன்னரும் பின்னரும் பாடல் எடுப்பதை அதீதம், அநாகதம் எனக் குறிப்பர். அவை உருப்படியிலேயே அமைந்து நிலைபெற்றவை. ஜாஸ் பாடகியின் விலகலோ ஒவ்வொரு தொடரிலும், ஒவ்வொரு மேடையிலும் புதிதாக முடிவுசெய்யப்பெறுவது. நிகரான கலைச்சொல் தமிழில் இன்மையால் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். இத்தகைய இடவைப்புக்கு உள்நாக்கின் இன்மை காரணமாக இயலாது. டிரம் கலைஞரிடம் கற்றதும், டிரம் கலைஞர் நடத்திய குழுவில் இரவுதோறும் பாடியதும், எல்ட்ரிட்ஜின் ட்ரம்பெட்டுக்கு எதிர்நின்றதும் காரணமாக இயலும்.

இவ்விடத்தில் ஒன்று சுட்டத்தக்கது. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரல் கரகரப்பானது. ஆயினும் அவரது பாடல்முறையை அவர் தொண்டையின் விளைவு என எவரும் எழுதி முடித்துவிடுவதில்லை. ட்ரம்பெட் வாசிப்பில் விளைந்த இசையறிவாகவே அதனைக் காண்பர். பெண் கலைஞரின் நுட்பம் மட்டும் உடலில் நேர்ந்த விபத்தாகச் சுருங்கிவிடுவது ஆராய்ச்சியாளர் விழிப்போடு அணுக வேண்டிய பழக்கமாகும். அனிட்டாவே அதனைச் சொன்னார் என்பதும் முழு விடையாகாது. 'நான் நுட்பமாகக் கற்றேன்' எனச் சொல்வதைவிட 'எனக்கு வேறு வழியில்லை' எனச் சொல்வது மேடைக்கலைஞர்க்குச் சுவையான கதை. ஜார்ஜ் ஈல்ஸுடன் இணைந்து அவர் எழுதிய தன்வரலாறு 1981இல், அதாவது க்ரூபா குழுவில் சேர்ந்து நாற்பதாண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. நினைவும் கதைசொல்லும் ஆற்றலும் கலந்த நூலாகவே அதனைப் பயன்கொள்ளல் வேண்டும்.

தனிப்பாடகி

1947இல் கஞ்சா வழக்கிலும், 1953இல் ஹெராயின் வழக்கிலும் அவர் சிறை சென்றார். இரண்டாம் வழக்கு தொடுக்கப்பெற்றபோது தாம் அப்போதைப்பொருளைப் பயன்படுத்தியவரே அல்லர் என்றும், விடுதலைக்குப் பின்னரே அதற்கு அடிமையானதாகவும் அவர் எழுதியுள்ளார். அவ்வடிமைத்தனம் பத்தாண்டுகளுக்கும் மேல் நீடித்தது. வியப்பு யாதெனில், அவருடைய சிறந்த பதிவுகளும் அதே ஆண்டுகளுக்கு உரியவை. நார்மன் கிரான்ஸ் புதிதாகத் தொடங்கிய வெர்வ் நிறுவனத்தின் முதல் நீள்நேர இசைத்தட்டு, பட்டி பிரெக்மன் இசையமைப்பில் 1956இல் வெளியான அனிட்டாவின் தொகுப்பே. மூன்று நிமிடத் தட்டில் ஒரு சுற்றுக்கு ஒதுங்கியிருந்த குரலுக்கு ஒரு முழுத்தட்டே உரியதாயிற்று. அத்தொகுப்பின் மெல்நடைப் பாடல்களில் அவர் ஒலியை நீட்டவும் செய்கிறார் என்பது, முன்னர்க் கூறிய 'இயலாமை' முழுமையானதன்று என்பதற்கு மற்றுமொரு சான்று.

1958 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பகல்வேளை நிகழ்ச்சியில் அவர் பாடினார். கறுப்பு உடை, வெண்சிறகு விளிம்பிட்ட அகன்ற தொப்பி, வெள்ளைக் கையுறை. குழுச்சீருடையை வற்புறுத்தி அணிந்த அதே பெண் இப்போது தாமே தேர்ந்த அலங்காரத்தில் நிற்கிறார். பெர்ட் ஸ்டெர்ன் இயக்கிய 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்னும் ஆவணப்படம் இதனைக் காத்துவைத்துள்ளது. 'ஸ்வீட் ஜார்ஜியா பிரௌன்' பாடல் மெல்ல, டிரம்மின் துணையோடு தொடங்கிப் படிப்படியே வேகம் கொள்கிறது. அடுத்து வரும் 'டீ ஃபார் டூ' மிகுவிரைவு நடையில் அமைந்தது. சொற்கள் அசைகளாக உடைந்து, பின் பொருளற்ற ஸ்காட் ஒலிகளாகி, வாசிப்போரோடு மாறிமாறித் தொடுக்கப்பெறுகின்றன. பெரும் இசைக்குழு ஏதும் இல்லை. பியானோவும் பாஸும் ஜான் பூலின் டிரம்மும் மட்டுமே. அன்று தாம் ஹெராயின் மயக்கில் இருந்திருக்கக்கூடும் எனப் பிற்காலத்தில் அவர் ஒப்புக்கொண்டார். படத்தைக் காண்போர் அதனை நம்புதல் அரிது. தாளம் எங்கும் வழுவவில்லை.

1960களில் அளவுமீறிய போதையால் உயிருக்கே இடர் நேர்ந்தது. அதன்பின் அவர் அப்பழக்கத்தை முற்றும் விட்டார். 1970களில் தம் நாயின் பெயரால் 'எமிலி' என்னும் சொந்தப் பதிவு நிறுவனம் தொடங்கினார். ஜப்பானிலும் அவருக்குப் பெருந்திரளான கேட்போர் உண்டு. 1985இல் நியூயார்க் கார்னகி அரங்கில் தம் இசைவாழ்வின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடினார். அந்த ஐம்பதைப் பின்னோக்கி எண்ணினால் கணக்கு நடைப்போட்டி நாள்களில் போய்த் தொடங்குகிறது. 1997இல் அமெரிக்கத் தேசியக் கலை அறநிலையம் 'ஜாஸ் மாஸ்டர்' விருது வழங்கிற்று. 'இன்டிஸ்ட்ரக்டிபிள்' என்னும் இறுதித்தட்டு 2006இல் வெளிவந்தது. அதில் குரலின் வளம் பெரிதும் வற்றிவிட்டது. சொல்லைத் தட்டுக்குப் பின்னே நிறுத்திக் காக்கும் பொறுமை அப்படியே இருக்கிறது. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தம் எண்பத்தேழாம் வயதில் காலமானார்.